சந்தனம் வைத்த மிஷின்

போன மாதம் உங்களில் சிலர் என் வீட்டுக்கு வந்து, "அக்கா, சொந்தப் பாட்டை ஜனங்கள் எப்போதான் ஏத்துக்குவாங்க?" என்று கேட்டீர்கள். காபியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் பாடத் தொடங்கிவிடுவேன், மூட்டு வலிக்காரி என்பதை மறந்து எழுந்து ஆடியும் விடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். மேடையை விட்டு இறங்கிய பிறகு எனக்கு நேரம் நிறைய இருக்கிறது, அடக்கம் மட்டும் இன்னும் வந்தபாடில்லை.

எங்கள் குடும்பம் நாசரேத்துப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தது. நான் பனியன் கம்பெனியில் துணிகளை மூட்டித் தைக்கிற ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்த டைலர். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயப் பாடகர் குழு, முகூர்த்த நாட்களில் ஓர் ஆர்கெஸ்ட்ரா. ஆர்கெஸ்ட்ரா நடத்தியவரின் பேர் வேண்டாம். மைக்கை எவ்வளவு தள்ளிப் பிடிக்க வேண்டும் என்பதிலிருந்து மூச்சை எங்கே ஒளித்துவைக்க வேண்டும் என்பதுவரை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் சொந்தப் பாட்டு என்று பேச்செடுத்தால் மட்டும் முகம் கோணிவிடும்.

"ஏனுங்க ஜெசிந்தா, கல்யாண மண்டபத்துல தெரியாத பாட்டப் பாடினா ஜனம் பந்திக்கு எந்திரிச்சுப் போயிருமுங்க. தெரிஞ்ச பாட்டத் தப்பாப் பாடினாக்கூட உக்காந்து கேப்பாங்க" என்பார்.

நான் கேட்கிற ஆளா? தாராபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பில், அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து என் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டேன். இரண்டாவது சரணம் முடிவதற்குள் மண்டபத்தில் பாதி நாற்காலி காலி. மாப்பிள்ளையின் மாமா மட்டும் கடைசிவரை இருந்தார். அவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. ஆர்கெஸ்ட்ராக்காரர் திரும்பி வந்து என்னைத் திட்டவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்பு திட்டைவிட அதிகமாகச் சுட்டது.

ஆனாலும் என்னிடம் ஒரு பாட்டு இருந்தது. அதை நான் மேஜையில் உட்கார்ந்து எழுதவில்லை, மிஷினில் உட்கார்ந்து எழுதினேன். டி-ஷர்ட் தைக்கும்போது தோள்பட்டை இரண்டுக்கும் சின்னச் சின்னதாக ஓர் ஓட்டம். அப்புறம் அக்குளிலிருந்து இடுப்புவரை நீளமாக ஓர் ஓட்டம். டர்ர், டர்ர், டர்ர்ர்ர்ர்ர். நாள் முழுக்க இதே சத்தம். திருப்பூரில் தைத்துப் பிழைக்கிறவர்களுக்கு இது காதில் கேட்கிற சத்தமே இல்லை, உடம்பில் ஊறிப்போன ஒன்று. அந்தத் தாளத்தின் மேல் மெட்டு தானாக வந்து உட்கார்ந்தது.

தோளுக்கு ரெண்டு ஓட்டம்
இடுப்போரம் நீள ஓட்டம்
யார் போட்டு நடப்பாரோ
என் முகம் தெரியாதே

இதுதான் பல்லவி. தைத்த சட்டை எந்தத் தேசத்துக்கோ போகிறது, போட்டுக்கொள்கிறவருக்கு என்னைத் தெரியாது என்ற ஏக்கம். எழுதி முடித்த அன்று நானே அழுதேன். நம் பாட்டுக்கு நாமே அழுவதில் ஒரு சுகம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதை ரொம்ப நம்பிவிடாதீர்கள்.

இந்தப் பாட்டுக்கு மேளம், ரிதம் பேட் எதுவும் வேண்டாம், நிஜமான ஓவர்லாக் மிஷினையே மேடையில் ஏற்றி, மைக் வைத்து ஓட்டுவோம் என்பது என் திட்டம். கீபோர்டு வாசித்த சேவியரிடம் சொன்னேன். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பையன், கிறுக்குத்தனத்துக்குத் துணை வருவதில் என்னைவிட ஒரு படி மேல். டோலக் வாசித்த முருகேசன் சேவூர்க்காரர், அதிகம் பேசமாட்டார். "பண்ணிப்போடலாமுங்க" என்றார், அவ்வளவுதான். மூவரும் ஆர்கெஸ்ட்ராவிலிருந்து வெளியே வந்தோம். சேவியருக்கு அப்போது பெண் பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளை ஆர்கெஸ்ட்ராவில் நிலையாக இருக்கிறார் என்று சொல்லித்தான் சம்பந்தமே பேசியிருந்தார்கள். அவன் அந்த வீட்டுக்கு விஷயத்தைச் சொல்லாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தான்.

நான் முன்பு வேலை பார்த்த கம்பெனி பெருமாநல்லூர் போகிற வழியில் இருந்தது. முதலாளி தோட்டங்காடு வைத்திருந்த குடும்பத்திலிருந்து தொழிலுக்கு வந்தவர். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் ஆர்கெஸ்ட்ரா வைப்பார். அந்த வருஷம் நான் போய், "எங்க பாட்டு மட்டும் ஒரு மத்தியானம் பாடறோம்" என்று கேட்டேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார்.

"நம்ம கம்பெனிப் புள்ள கேக்குறீங்க, இல்லீன்னு எப்படிச் சொல்றதுங்க? பாடுங்க. நம்ம ஜனத்துக்குப் புடிச்சுதுன்னா கோயமுத்தூர்ல ஸ்டுடியோ எடுத்து சிடி போட்டுரலாமுங்க, அது எம்பொறுப்பு. புடிக்கலீன்னா மனசுல வெச்சுக்கக் கூடாதுங்க, அடுத்த வருசத்துக்குப் பழைய ஆர்கெஸ்ட்ராவையே கூப்புட்டுக்குவேன்."

அந்தக் காலத்தில் எங்களை மாதிரி ஆட்களுக்கு சிடி என்பது சாதாரண விஷயமில்லை. இன்று நீங்கள் படுக்கையில் சாய்ந்தபடி பாட்டை உலகத்துக்கு அனுப்பிவிடுகிறீர்கள். எங்களுக்கு ஒரு சிடி கையில் இருந்தால்தான் செல்போன் கடைக்காரர் மெமரி கார்டில் ஏற்றுவார், பஸ் டிரைவர் போடுவார், நாங்கள் பாடகர்கள் என்று நாலு பேர் ஒப்புக்கொள்வார்கள். இல்லாவிட்டால் மூவரும் ஆர்கெஸ்ட்ராக்காரரின் வாசலில் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

மேடைக்கான மிஷினை முதலாளியே கொடுத்தார். முதல் நாளே தையல் லைனிலிருந்து ஒன்றைக் கழற்றி எடுத்து, கட்டிங் டேபிள்களை ஒன்றாகப் போட்டுக் கட்டிய மேடையில் ஏற்றிவிட்டோம். ஓட்டிப் பார்த்தோம். மைக்கில் அந்தச் சத்தம் வந்ததும் சேவியர் துள்ளிக் குதித்தான்.

பூஜையன்று ஹால் முழுக்கக் கலர் காகிதம், பலூன், வாழைக்கன்று. மிஷின்களைத் துடைத்து, ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு துண்டுப் பூவும் சுற்றியிருந்தார்கள். பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து, மத்தியானச் சாப்பாடும் முடிந்தது. பூஜைக்காகச் செருப்பையெல்லாம் வெளியே விட்டுவிட்டு, புதுச் சேலையும் புதுச் சட்டையுமாக எல்லோரும் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். மேடையில் இருந்த எங்கள் மிஷினுக்கும் யாரோ சந்தனம் வைத்து, கதம்பம் சுற்றியிருந்தார்கள். நான் அதைக் காலையிலேயே பார்த்தேன். பார்த்துவிட்டு, மேடைக்கு எடுப்பாக இருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

திருப்பூரில் பிழைத்தவர்களுக்கு இந்த இடத்திலேயே விஷயம் புரிந்திருக்கும். வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பூஜை போட்ட மிஷினை அன்று ஓட்டக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில்தான் தொட வேண்டும். வருஷமெல்லாம் உழைத்த பொருளுக்கு அன்று ஒருநாள் ஓய்வு. அத்தனை வருஷம் மிஷினில் உட்கார்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் மேடையில் ஏற்றியதும் என் கண்ணுக்கு அது மிஷினாகத் தெரியவில்லை, வாத்தியமாகிவிட்டது. ஹாலில் இருந்தவர்கள் கண்ணுக்கு அது மிஷினாகவே இருந்தது.

முதலில் இரண்டு சொந்தப் பாட்டுகள் பாடினோம். கை தட்டினார்கள். மரியாதைக்குத் தட்டுகிற கைக்கு ஒரு சத்தம் உண்டு, ஒரே அளவாக ஆரம்பித்து ஒரே அளவாக நின்றுவிடும். பின்வரிசையிலிருந்து, "அக்கா, சினிமாப் பாட்டு ஒண்ணு பாடுங்கக்கா" என்று குரல் வந்தது. எனக்குக் கவலை இல்லை. துருப்புச் சீட்டு கையில் இருக்கிறதே.

"அடுத்தது உங்க பாட்டு. உங்க மிஷினே வாசிக்கப் போவுது" என்று மைக்கில் அறிவித்துவிட்டு, மிஷினின் முன்னால் போய் உட்கார்ந்தேன். பூவை ஒதுக்கிவிட்டு சுவிட்சில் கை வைத்தேன்.

ஹால் அப்படியே அடங்கிப்போனது. பொரி கொறிக்கிற சத்தம்கூட இல்லை. முன்வரிசையிலிருந்து சரசக்கா எழுந்தார். சரசக்கா தாராபுரத்துக்காரர், அந்தக் கம்பெனியில் நான் வேலை பார்த்தபோது பக்கத்து மிஷினில் உட்கார்ந்தவர்.

"அம்மணி, பூசை போட்ட மிசினுங்க அது. இன்னிக்கு ஓட்டக் கூடாதுங்க."

முதலாளி நாற்காலியிலிருந்தே திரும்பினார். "ஏனுங்க்கா, பாட்டுக்குத்தானுங்க? வேலைக்கா ஓட்டுறாங்க? அந்தத் தம்பியோட டோலக்குக்கும்தான் சந்தனம் வெச்சிருக்குது, அத அடிக்கலீங்களா? நானே சொல்றனுங்க, ஓட்டட்டும்."

"டோலக்கு அந்தத் தம்பியோடதுங்க. அடிக்கறதும் அடிக்காததும் அவுரு பாடு. இது எங்க லைன் மிசினுங்க" என்றார் சரசக்கா. குரலை உயர்த்தவில்லை. ஆனால் உட்காரவும் இல்லை.

சேவியர் என் காதருகே குனிந்தான். "ஏக்கா, முதலாளியே சொல்லிட்டாரு, பொறவு என்ன? நாம வேதக்காரங்கதான, நமக்கு இது இல்லியே. ஓட்டிரு. இல்லன்னா கீபோர்டுல ரிதத்தப் போட்டுருதேன்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தனை பாடுபட்டு இந்த மேடைக்கு வந்திருக்கிறேன், நம் ஆட்களே காலை வாருகிறார்களே என்ற கோபம். கீபோர்டில் இருக்கிற டப்பா ரிதத்தைப் போட்டால் இதுவும் கல்யாண வரவேற்புப் பாட்டாகிவிடும், அதுவும் தெரியும். முதலாளி அனுமதி கொடுத்துவிட்டார். நான் சுவிட்சைத் தட்டினால் தடுக்க அங்கே யாரும் இல்லை.

பிள்ளைகளே, நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது இந்த ஒரு நொடியைப் பற்றித்தான். நான் ஹாலைப் பார்த்தேன். யார் முகத்திலும் சண்டை இல்லை. கண்களைத் தாழ்த்திக்கொண்டிருந்தார்கள். நான் ஓட்டினால் பொறுத்துக்கொள்வார்கள், முடிந்ததும் கையும் தட்டுவார்கள். ஆனால் அந்தக் கைதட்டு முதலாளிக்குப் போய்ச் சேரும், என் பாட்டுக்கு வராது. மேடையைக் கொடுக்கிறவர் ஒருவர், பாட்டைக் கேட்கிறவர்கள் வேறு. முதல் ஆளின் சம்மதத்தை வைத்துக்கொண்டு இரண்டாவது ஆட்களின் மனதைத் தாண்டிப் போக முடியாது. இதைப் புரிந்துகொள்ளாமல் வீணாய்ப்போன நல்ல பாட்டுக்காரர்கள் எனக்கு எத்தனையோ பேரைத் தெரியும்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. நான் கம்பெனிக்கு வந்த புதிதில், ஆயுத பூஜையன்று என் மிஷினுக்குச் சந்தனம் வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஓரமாக நின்றேன். சரசக்கா தன் மிஷினுக்கு வைத்துவிட்டு, மீதியை வழித்து என் மிஷினுக்கும் வைத்தார். "நீங்க சாமி கும்புடாட்டிப் போவுதுங்க, மிசின் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று சிரித்தார். அந்த அம்மாவின் முன்னால் நான் இந்த மிஷினை ஓட்டுவதா? வெட்கமாக இருந்தது.

சுவிட்சிலிருந்து கையை எடுத்தேன். ஒதுக்கிய பூவைத் திரும்ப அதன் தலையில் சுற்றினேன். பிளக்கையும் பிடுங்கிவிட்டேன். மேடையிலிருந்து இறங்கி, தரையில் சரசக்காவுக்கு எதிரே போய் நின்றேன். பயமாகத்தான் இருந்தது. அப்போது என் கண்ணில் பட்டது அவர்களின் கால்கள்தான். செருப்பில்லாத கால்கள், சிமெண்டுத் தரையில் வரிசை வரிசையாக.

"அக்கா சொன்னது சரிதான், மிஷின் இன்னிக்குத் தூங்கட்டும்" என்றேன் மைக்கில். "ஆனா பெடலை மிதிக்கிற காலுக்கு யாரும் சந்தனம் வைக்கலியே? அத ஓட்டலாம்ல? தோளுக்கு ரெண்டு, இடுப்புக்கு ஒண்ணு. நான் சொல்லித் தரணுமா?"

யாரோ சிரித்தார்கள். முதலில் ஒரு கால் தட்டியது, வெட்கத்தோடு. தப், தப். அப்புறம் நீள ஓட்டத்துக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. சரசக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். சேலைக் கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல் ஒதுக்கிக்கொண்டு, வலது காலை முன்னால் நீட்டி, வருஷமெல்லாம் மிதிப்பது போலவே மிதித்தார். தப், தப் என்று இரண்டு. நீள ஓட்டத்துக்கு இரண்டு குதிகாலையும் தரையில் படபடவென்று அடித்தார். அவர் வரிசை முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. அடுத்த வரிசை. அதற்கடுத்த வரிசை. பின்னால் நின்றிருந்த ஹிந்திக்காரப் பையன்களுக்குப் பாட்டின் ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் தோளுக்கு எத்தனை, இடுப்புக்கு எத்தனை என்று தெரியும். அவர்கள் அடித்த அடியில் மேடையில் இருந்த மைக் ஸ்டாண்டு ஆடியது.

நான் பாடினேன். மிஷினை வைத்துப் பாடியிருந்தால் ஒரே ஒரு மிஷினின் சத்தம்தான் வந்திருக்கும். இப்போது மொத்தக் கம்பெனியும் ஓடியது. முருகேசன் டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு சும்மா கேட்டுக்கொண்டிருந்தார், இரண்டாவது சரணத்தில்தான் மெதுவாகச் சேர்ந்தார். சேவியர் ஒற்றைக் கையால் வாசித்துக்கொண்டே மற்றக் கையால் கண்ணைத் துடைத்தான். பாட்டு முடிந்தும் கால்கள் நிற்கவில்லை. "இன்னொருக்கா! இன்னொருக்கா!" என்று கத்தினார்கள். சினிமாப் பாட்டு கேட்ட அதே பின்வரிசைதான் அதிகமாகக் கத்தியது. மறுபடி பாடினேன். அதற்குப் பிறகும் விடவில்லை.

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து வந்தார். "ஏனுங்க ஜெசிந்தா, ஸ்டுடியோவுக்கு எப்பங்க போலாம்?" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். எனக்கு அழுவதற்கு எப்போதும் காரணம் கிடைத்துவிடும், ஆனால் அன்றைக்கு நிஜமாகவே சந்தோஷம் தாங்க முடியவில்லை. சேவியர் அங்கேயே செல்போனை எடுத்து, பெண் வீட்டுக்குப் பேசினான். "மாமா, ஒரு விஷயம் சொல்லணும், நான் ஆர்கெஸ்ட்ராவுல இல்ல" என்று அவன் ஆரம்பித்ததும், பின்னால் இருந்த கூச்சலில் மாமாவுக்கு எதுவும் கேட்கவில்லை. கல்யாணம் நடந்தது. நான்தான் பாடினேன், யாரும் பந்திக்கு எழுந்து போகவில்லை.

கிளம்பும்போது சரசக்கா வாசலில் நின்றார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. காலைல மிசினத் தொறக்கறப்ப வந்துருங்க அம்மணி" என்று மட்டும் சொன்னார்.

போனேன். மேடை மிஷினை லைனில் அதன் பழைய இடத்திலேயே பொருத்தியிருந்தார்கள். எல்லோரும் அவரவர் மிஷினில் உட்கார்ந்து, பெடலில் கால் வைத்தபடி காத்திருந்தார்கள். யாரும் இன்னும் ஓட்டவில்லை. சரசக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டார். "மொத ஓட்டம் நீங்க ஓட்டுங்க" என்றார்.

உட்கார்ந்து, ஒரு வெட்டுத் துணியைக் கொடுத்து மிதித்தேன். டர்ர், டர்ர், டர்ர்ர்ர்ர்ர். ஹாலில் இருந்த அத்தனை மிஷினும் ஒன்றாகப் பதில் சொன்னது. பாட வேண்டும் என்று வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. அழுகைதான் வந்தது. நான் வரியை மறந்துவிட்டேன் என்று நினைத்து அவர்களே பாட ஆரம்பித்தார்கள். நான் எழுதிய பாட்டை மற்றவர்கள் வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. முந்தின நாள் கேட்டதை வைத்தே பல்லவியைப் பிடித்திருந்தார்கள். ஆனால் கடைசி வரிகள் வந்தபோது இப்படிப் பாடினார்கள்:

யார் போட்டு நடந்தாலும்
என் தையல் பிரியாதே

நான் சரசக்காவைத் திரும்பிப் பார்த்தேன். "அக்கா, அது 'என் முகம் தெரியாதே'ன்னு வரும்" என்றேன்.

"தெரியுமுங்க. நாந்தானுங்க காலைல மாத்திச் சொல்லிக் குடுத்தேன்" என்றார். "எம்மூஞ்சியத் தெரிஞ்சு அவங்களுக்கு என்னங்க ஆவப்போவுது? நாங்க தெச்சது பிரியாம நிக்கோணும், அதச் சொல்லுங்க."

ஹாலே சிரித்தது. நானும் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். அந்த வரி வந்ததும் அவர்கள் சொன்னபடியே பாடினேன். சிடியிலும் அப்படித்தான் இருக்கிறது.